ஜென்கின்ஸ்–கிட்ஹப் இணைப்பு: வெப்ஹூக் 302 காட்டுகிறது, புல் ரிக்வெஸ்ட் காத்துக்கொண்டே நிற்கிறது

மாதுளை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிரல்கள் அனைத்தும் கிட்ஹப்பில் நிறுவனக் கணக்கு ஒன்றின் கீழ், வெளியார் பார்க்க முடியாத களஞ்சியங்களாக இருக்கின்றன. நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் பில்ட்டை ஓட்டுவதற்காக அலுவலக வலையமைப்புக்குள் ஓர் உபுண்டு இயந்திரத்தில் ஜென்கின்ஸ் என்ற தானியக்க மென்பொருளை நிறுவியிருக்கிறோம். அது 8080 போர்ட்டில் இயங்குகிறது. வெளியிலிருந்து வருவதை இன்னொரு இயந்திரத்தில் உள்ள என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலைச் சேவையகம் வாங்கி, முறையான சான்றிதழுடன் உள்ளே அனுப்புகிறது. இதுவரை யாராவது பொத்தானை அழுத்தினால்தான் பில்ட் தொடங்கும் என்ற நிலையில்தான் இருந்தோம்.

இனிமேல் கமிட் (நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு) தள்ளப்பட்டதும் பில்ட் தானாகத் தொடங்க வேண்டும், அதன் முடிவு புல் ரிக்வெஸ்டின் (மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கையின்) பக்கத்திலேயே தெரிய வேண்டும், முடிவு பச்சையாக இல்லாத எதையும் முதன்மைக் கிளையில் இணைக்க முடியாதபடி கிட்ஹப்பே தடுக்க வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம். முதல் முயற்சியாக ஒரு களஞ்சியத்தை மட்டும், ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே ஓட்டும் மல்டிபிராஞ்ச் பைப்லைனாக அமைத்தேன். களஞ்சியத்தின் அமைப்புகளில், ஒரு நிகழ்வு நடந்ததும் வேறொரு முகவரிக்குச் செய்தி அனுப்பும் வெப்ஹூக் ஒன்றைச் சேர்த்து, முகவரியின் இறுதியில் ஜென்கின்ஸ் ஆவணத்தில் கண்டபடி "கிட்ஹப்-வெப்ஹூக்" என்ற பாதையைக் கொடுத்தேன். நிகழ்வுகளில் ஏற்கெனவே தேர்வாகியிருந்த "புஷ் மட்டும்" என்பதை அப்படியே விட்டிருக்கிறேன். கமிட் தள்ளும்போதெல்லாம் கிட்ஹப் செய்தி அனுப்புவது "ரீசன்ட் டெலிவரீஸ்" பட்டியலில் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் குறியுடன் 302 என்ற பதிலே பதிவாகியிருக்கிறது. ஜென்கின்ஸில் எதுவும் தொடங்குவதில்லை.

இரண்டாவது சிக்கல், முதன்மைக் கிளைக்கான பாதுகாப்பு விதியில் "ஜென்கின்ஸ்" என்ற சோதனை கட்டாயம் என்று எழுதி வைத்தேன். அன்று முதல் எந்தப் புல் ரிக்வெஸ்டைத் திறந்தாலும், முடிவு இன்னும் வரவில்லை, எதிர்பார்க்கப்படுகிறது என்ற வரியோடு அது நின்றுவிடுகிறது. ஜென்கின்ஸில் கைமுறையாக ஓட்டிப் பச்சை வந்த பிறகும் அந்த வரி மாறவில்லை.

மூன்றாவதாக ஒரு கவலை. ஜென்கின்ஸ் இப்போது களஞ்சியத்தை நகலெடுப்பது எங்கள் சக ஊழியர் ஒருவரின் சொந்த டோக்கனைக் (கடவுச்சொல்லுக்கு மாற்றான அனுமதிக் குறியீடு) கொண்டு. அவர் விரைவில் வேறு நிறுவனத்துக்குச் செல்லவிருக்கிறார். அவருடைய இடத்தில் என் டோக்கனை வைத்துவிட்டால் போதுமா, அல்லது இதற்கு வேறு முறையான வழி உண்டா? விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

வடகரை:

மாதுளை அவர்களுக்கு வணக்கம். அமைப்புகளை மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் இந்த வேலை பெரிதும் எளிதாகும். "இணைப்பு" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், ஜென்கின்ஸுக்கும் கிட்ஹப்புக்கும் இடையே உண்மையில் மூன்று தனித்தனிப் பாதைகள் உள்ளன. புதிய கமிட் வந்திருக்கிறது என்று கிட்ஹப் ஜென்கின்ஸுக்குத் தெரிவிப்பது ஒன்று. அந்தக் கமிட்டை ஜென்கின்ஸ் போய் எடுத்துவருவது இன்னொன்று. பில்ட்டின் முடிவை ஜென்கின்ஸ் கிட்ஹப்பிடம் சொல்வது மூன்றாவது. முதலாவது வெளியிலிருந்து உள்ளே வருவது, மற்ற இரண்டும் உள்ளிருந்து வெளியே போவது. ஒன்று பழுதானாலும் மற்றவை ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், எது நின்றிருக்கிறது என்று காணாமல் எல்லா இடத்திலும் கைவைப்பது நேரத்தை வீணாக்கும். உங்கள் மூன்று சிக்கல்களும் இந்தப் பாதைகளில் ஆளுக்கொன்றாக அமைந்திருக்கின்றன.

முதலில் 302. பாதையின் இறுதியில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். "கிட்ஹப்-வெப்ஹூக்" என்பதோடு நிறுத்திவிட்டால், சாய்கோடு சேர்ந்த முகவரிக்குப் போகச் சொல்லி ஜென்கின்ஸ் திருப்பி அனுப்பும், அதுதான் 302. உலாவி என்றால் திருப்பிய இடத்துக்குத் தானாகவே போய்விடும், ஆனால் கிட்ஹப்பின் வெப்ஹூக் அப்படிப் போவதில்லை. 200 வரிசையில் ஒரு பதில் வராவிட்டால் அனுப்புதல் தோற்றதாகவே குறித்துக்கொள்ளும். சாய்கோட்டைச் சேர்த்துச் சேமித்துவிட்டு, அதே பட்டியலில் பழைய செய்தி ஒன்றைத் திறந்து "ரீடெலிவர்" பொத்தானை அழுத்துங்கள். சோதனைக்காக வெற்றுக் கமிட்டுகளைத் தள்ள வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலை நான் மிகவும் மதிக்கிறேன். அனுப்பப்பட்ட தலைப்புகள், உள்ளடக்கம், உங்கள் பக்கம் சொன்ன பதில் ஆகிய மூன்றையும் அது அப்படியே காட்டுகிறது, பதிலின் எண்ணே பெரும்பாலும் பழுதின் இடத்தைச் சொல்லிவிடுகிறது. 404 வந்தால் என்ஜின்எக்ஸில் பாதையின் முன்னொட்டு பொருந்தவில்லை, அல்லது ஜென்கின்ஸில் கிட்ஹப் செருகுநிரலே நிறுவப்படவில்லை. 401 வந்தால் என்ஜின்எக்ஸில் யாரோ கடவுச்சொல் பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். வெப்ஹூக் பாதைக்கு ஜென்கின்ஸ் உள்நுழைவு கேட்பதில்லை. 403 வந்து, அதன் உள்ளடக்கத்தில் "கிரம்ப்" (போலிக் கோரிக்கைகளைத் தடுக்க ஜென்கின்ஸ் கேட்கும் குறியீடு) என்ற சொல் காணப்பட்டால், செய்தி வேறு ஏதோ பாதைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த எண்ணும் இல்லாமல் நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால் மறிக்கிறது. 10 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கிட்ஹப் தொடர்பைத் துண்டித்துவிடும்.

அடுத்து, நிகழ்வுகளின் தேர்வு. "புஷ் மட்டும்" என்பது உங்கள் நோக்கத்துக்குப் போதாது. ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கும் ஒரு கிளையிலிருந்து ஒருவர் புல் ரிக்வெஸ்ட் திறக்கும்போது புதிய கமிட் எதுவும் தள்ளப்படுவதில்லை. ஆகவே அந்தச் செய்தி ஜென்கின்ஸை வந்தடையவே வந்தடையாது. புல் ரிக்வெஸ்ட் நிகழ்வையும் தேர்ந்தெடுங்கள். நிறுவனக் கணக்கு முழுவதையும் ஒரே கோப்புறையாகப் பின்னர் அமைக்க நினைத்தால் களஞ்சியம் என்ற நிகழ்வும் தேவைப்படும்.

வெப்ஹூக் பாதை இணையத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். வெப்ஹூக்கில் ஒரு ரகசியச் சொல்லை அமைத்து, அதையே ஜென்கின்ஸின் கிட்ஹப் அமைப்புப் பகுதியிலும் பகிர்ந்த ரகசியமாகச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு செய்தியுடனும் கிட்ஹப் அந்தச் சொல்லைக் கொண்டு எச்மேக் என்ற முறையில் ஒரு கையொப்பத்தை இட்டு அனுப்பும். கையொப்பம் பொருந்தாதவற்றை ஜென்கின்ஸ் ஒதுக்கிவிடும். இதோடு, வெளியிலிருந்து வருவோருக்கு அந்த ஒரு பாதையை மட்டும் என்ஜின்எக்ஸ் திறந்துவிட்டு, ஜென்கின்ஸின் மற்றப் பக்கங்களை அலுவலகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. ஜென்கின்ஸின் உள்நுழைவுப் பக்கம் இணையத்தில் தெரிந்துகொண்டிருக்க எந்தத் தேவையும் இல்லை. வெப்ஹூக்குகள் எந்த ஐபி முகவரிகளிலிருந்து வரும் என்பதையும் கிட்ஹப் தன் ஏபிஐயின் (நிரல்கள் தகவல் கேட்பதற்கான இடைமுகத்தின்) "மெட்டா" பக்கத்தில் வெளியிடுகிறது. ஃபயர்வாலில் அவற்றை மட்டும் அனுமதிக்கலாம், ஆனால் அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பையும் யாராவது ஏற்க வேண்டும்.

டோக்கனைப் பற்றி மற்றவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அவருடைய இடத்தில் உங்கள் டோக்கனை வைக்க வேண்டாம். நீங்கள் விலகும் நாளில் இதே கேள்வியை இன்னொருவர் கேட்க நேரிடும்.

---

பனிமலர்:

நண்பர் வடகரை சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வெளியிலிருந்து உள்ளே வரும் பாதை அவசியம்தானா என்ற கேள்வியையும் எழுப்ப விரும்புகிறேன். அலுவலக வலையமைப்பைத் திறப்பதற்கு நிர்வாகம் தயங்கும் இடங்களில், ஜென்கின்ஸ் தானே 5 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் புதிய கமிட் இருக்கிறதா என்று பார்த்துவரும் முறை இன்றும் முற்றிலும் ஏற்கத்தக்கது. அட்டவணையில் நிமிடத்தின் இடத்தில் 5 நிமிட இடைவெளியை "எச்" என்ற எழுத்தோடு சேர்த்துக் கொடுத்தால், எல்லா வேலைகளும் ஒரே நொடியில் கிளம்பாமல் ஜென்கின்ஸே அவற்றைப் பரப்பிவிடும். ஒற்றைக் கிளை வேலைகளில் இது வெறும் கிட் வினவல்தான். மல்டிபிராஞ்ச் வேலையில் முழுக் களஞ்சியத்தையும் அலசுவது கிட்ஹப்பின் ஏபிஐயைப் பயன்படுத்துகிறது. அடையாளம் காட்டாமல் கேட்பவருக்கு மணிக்கு 60 வினவல், டோக்கனுடன் கேட்பவருக்கு மணிக்கு 5,000 என்பது அங்குள்ள வரம்பு. கிளைகளும் புல் ரிக்வெஸ்ட்டுகளும் மிகுந்த களஞ்சியங்களை அடிக்கடி அலசினால் அந்த 5,000 எதிர்பார்ப்பதைவிட விரைவாகத் தீர்ந்துவிடும்.

வெப்ஹூக்கை வைத்துக்கொள்பவர்களும் நாளுக்கு ஒருமுறையாவது அலசும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். ஜென்கின்ஸ் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் வரும் செய்திகளைக் கிட்ஹப் தானாக மீண்டும் அனுப்புவதில்லை. தோற்றது தோற்றதுதான், நாம் போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் உண்டு.

ஸ்மீ.ஐஓ போன்ற இடைத்தரகர் சேவைகளை இணையத்தில் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவை மேம்பாட்டின்போது சோதித்துப் பார்ப்பதற்கானவை. அந்த வழித்தடத்தின் முகவரியை அறிந்த எவரும் அதில் செல்லும் செய்திகளைப் படிக்க முடியும் என்பதால், நிறுவனத்தின் களஞ்சியத்துக்கு அவை ஆகா.

---

மாதுளை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாய்கோடுதான் காரணம். அதைச் சேர்த்து மீண்டும் அனுப்பியதும் 200 வந்தது, அடுத்த கணமே ஜென்கின்ஸில் பில்ட் தொடங்கியது. புல் ரிக்வெஸ்ட் நிகழ்வையும் சேர்த்துவிட்டேன். ரகசியச் சொல்லையும் அமைத்தேன். என்ஜின்எக்ஸில் அந்த ஒரு பாதையைத் தவிர மற்ற அனைத்தையும் மூடச் சொல்லி வலையமைப்புப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். நாள்தோறும் ஒரு முறை அலசும்படியும் வைத்தாயிற்று.

இப்போது புல் ரிக்வெஸ்டின் பக்கத்தில் ஜென்கின்ஸின் முடிவு பச்சையாகவே தெரிகிறது. ஆனால் அதற்குக் கீழே, நான் கட்டாயமாக்கிய "ஜென்கின்ஸ்" என்ற வரி முன்போலவே காத்துக்கொண்டிருக்கிறது, இணைக்கும் பொத்தான் திறக்கவில்லை. மேலும் பச்சைக் குறியின் அருகில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால் உலாவி "லோக்கல்ஹோஸ்ட் 8080" என்ற முகவரிக்குப் போக முயன்று தோற்கிறது. டோக்கன் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஒப்பந்தப் பணியாளர்கள் சிலர் ஃபோர்க்கிலிருந்து (களஞ்சியத்தின் தங்கள் சொந்த நகலிலிருந்து) புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

---

செங்காந்தள்:

இறுதியில் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கனமானது. முதலில் எளிய இரண்டையும் முடித்துவிடுகிறேன்.

பெயர் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கட்டாயச் சோதனை என்பது கிட்ஹப்பைப் பொறுத்தவரை ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயரில் முடிவு வரும் வரை அது காத்திருக்கும், வேறு பெயரில் வரும் பச்சையை அது கணக்கில் கொள்ளாது. மல்டிபிராஞ்ச் வேலை தன் முடிவை "ஜென்கின்ஸ்" என்ற வெறும் பெயரில் அனுப்புவதில்லை. "கன்டினியுவஸ்-இன்டக்ரேஷன்" என்று தொடங்கி, சாய்கோடு, "ஜென்கின்ஸ்", மீண்டும் சாய்கோடு, அதன்பின் "பிஆர்-மெர்ஜ்" அல்லது "பிஆர்-ஹெட்" அல்லது "பிராஞ்ச்" என்று முடியும் நீண்ட பெயரில் அனுப்புகிறது. முதன்மைக் கிளையுடன் இணைத்துப் பார்த்து ஓட்டும்படி நீங்கள் அமைத்திருந்தால் "பிஆர்-மெர்ஜ்" வரும். பாதுகாப்பு விதியில் பழைய பெயரை நீக்கிவிட்டு, தேடல் கட்டத்தில் தோன்றும் பட்டியலிலிருந்தே புதியதைத் தேர்ந்தெடுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். கடந்த 7 நாளில் அந்தக் களஞ்சியத்தில் ஓடிய சோதனைகளே பட்டியலில் தோன்றும், உங்களுக்கு இப்போது ஓடியிருப்பதால் கிடைக்கும்.

லோக்கல்ஹோஸ்ட் இணைப்புக்குக் காரணம், ஜென்கின்ஸின் பொது அமைப்புகளில் "ஜென்கின்ஸ் யுஆர்எல்" என்ற கட்டத்தில் நிறுவியபோது இருந்த முகவரியே நிற்பது. குழுவினர் உலாவியில் பயன்படுத்தும் முகவரியை அங்கே எழுதினால் அடுத்த பில்ட்டிலிருந்து இணைப்பு சரியாகும்.

இனி டோக்கன். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை. அதன்பின் பலர் ஒருவருடைய சொந்த டோக்கனை ஜென்கின்ஸில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பழைய வகை டோக்கனில் "ரெப்போ" என்ற அனுமதி, அந்த மனிதர் தொடக்கூடிய எல்லாக் களஞ்சியங்களிலும் படிக்கவும் எழுதவும் உரிமை தருகிறது. ஒரு களஞ்சியத்தை நகலெடுக்க மட்டும் வேண்டிய இயந்திரத்திடம் அவ்வளவு உரிமையைக் கொடுப்பது, தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது போன்றது. அவரை நிறுவனக் கணக்கிலிருந்து நீக்கிய கணத்தில் பில்ட் நின்றுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது அந்த டோக்கன் இயங்கிக்கொண்டிருக்கும் காலம்தான். 2022 ஏப்ரலில் ஹெரோக்கு, டிராவிஸ் சிஐ ஆகிய இரண்டு சேவைகளுக்கு வழங்கப்பட்டிருந்த ஓஆத் டோக்கன்கள் திருடப்பட்டு, பல நிறுவனங்களின் தனிக் களஞ்சியங்கள் தரவிறக்கப்பட்டதாகக் கிட்ஹப் அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை வழங்கும் என்பிஎம்மும் அவற்றுள் ஒன்று. பில்ட் இயந்திரத்திடம் இருக்கும் உரிமை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியது அது கசியும்போது ஏற்படும் இழப்பு.

ஒரே ஒரு களஞ்சியத்தைப் படித்தால் போதும் என்றால் டிப்ளாய் கீ போதும். அது அந்தக் களஞ்சியத்தோடு மட்டும் பிணைந்த எஸ்எஸ்எச் திறவி, எழுதும் உரிமையை நாமாகக் கொடுத்தாலொழிய படிக்க மட்டுமே உதவும். ஆனால் அதைக் கொண்டு பில்ட் முடிவைத் தெரிவிக்க இயலாது. ஏபிஐக்கு அது பயன்படாது. களஞ்சியங்கள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் புதிய திறவி வேண்டும், ஒரே திறவியை இரண்டில் சேர்க்கக் கிட்ஹப் விடாது.

உங்கள் நிலைக்கு நான் பரிந்துரைப்பது கிட்ஹப் ஆப். நிறுவனக் கணக்கின் பெயரில் ஓர் ஆப்பைப் பதிவு செய்து, தேர்ந்தெடுத்த களஞ்சியங்களில் மட்டும் நிறுவுங்கள். உள்ளடக்கம், மெட்டாடேட்டா, புல் ரிக்வெஸ்ட் ஆகியவற்றுக்குப் படிக்கும் உரிமையும், கமிட் நிலை, சோதனைகள் (Checks) ஆகிய இரண்டுக்கும் எழுதும் உரிமையும் கொடுத்தால் நீங்கள் சொன்ன வேலைகள் அனைத்தும் நடக்கும். ஆப் தரும் தனித் திறவியைத் தரவிறக்கி, ஓபன்எஸ்எஸ்எல் கருவியால் பிகேசிஎஸ் 8 வடிவத்துக்கு மாற்றி, ஆப்பின் எண்ணோடு சேர்த்து ஜென்கின்ஸின் கிரெடென்ஷியல் பகுதியில் "கிட்ஹப் ஆப்" என்ற வகையில் சேமியுங்கள். வடிவத்தை மாற்றாமல் ஒட்டிவிட்டுப் பிழைச்செய்தியைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். அதன்பின் ஜென்கின்ஸ் அந்தத் திறவியைக் காட்டி, ஒரு மணி நேரம் மட்டுமே செல்லும் டோக்கனை வேண்டும்போது வாங்கிக்கொள்ளும். எந்த ஊழியர் வந்தாலும் போனாலும் இது மாறாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பில்ட்டாக இருந்தால் மட்டும், தொடக்கத்தில் ஒரு மாறியில் எடுத்துவைத்த டோக்கன் இறுதிக் கட்டத்தில் செல்லாது போகும். தேவைப்படும் படியில் புதிதாக எடுங்கள்.

ஃபோர்க் விஷயத்தைத் தயவுசெய்து அவசரப்படாமல் கவனியுங்கள். ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டை ஓட்டுவது என்பது, வெளியார் எழுதிய நிரலை உங்கள் அலுவலக வலையமைப்புக்குள் ஓட்டுவதுதான். மல்டிபிராஞ்ச் அமைப்பில் யாரை நம்புவது என்ற தேர்வு ஒன்று இருக்கிறது. நிர்வாக உரிமையோ எழுதும் உரிமையோ உள்ளவர்களை மட்டும் நம்பும் தேர்வை வைத்துக்கொள்ளுங்கள், "அனைவரும்" என்பதை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். நம்பப்படாதவரின் புல் ரிக்வெஸ்ட் வரும்போது ஜென்கின்ஸ் அவர் திருத்திய ஜென்கின்ஸ்ஃபைலை (பில்ட்டின் படிகளை எழுதிவைக்கும் கோப்பை) விட்டுவிட்டு, உங்கள் முதன்மைக் கிளையில் உள்ளதையே பயன்படுத்தும்.

இதோடு பாதுகாப்பு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், முடியவில்லை. ஜென்கின்ஸ்ஃபைல் உங்களுடையதாக இருந்தாலும், அது "சோதனைகளை ஓட்டு" என்று கட்டளையிடும்போது ஓடுவது அவருடைய சோதனைக் கோப்புகளும் அவருடைய மேக்ஃபைல் என்ற கட்டளைக் கோப்பும்தான். அந்தப் படியில் வெளியீட்டுச் சேவையகத்தின் கடவுச்சொல் சூழல் மாறியில் இருந்தால், அதைப் படித்து வெளியே அனுப்ப ஒரு வரி போதும். ஆகவே ஃபோர்க் பில்ட்டுகள் தனியான ஏஜென்டில் (மைய இயந்திரத்துக்காகப் பில்ட்டை ஓட்டித்தரும் இயந்திரத்தில்), கூடுமானால் ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக எழுப்பப்படும் கன்டெய்னரில் ஓட வேண்டும். வெளியீட்டு ரகசியங்கள் முதன்மைக் கிளையின் பைப்லைனில் மட்டும் எட்ட வேண்டும். ஜென்கின்ஸின் மைய இயந்திரத்தில் எக்ஸிக்யூட்டர் (பில்ட் ஓடும் இடம்) எண்ணிக்கை 0 ஆக இருக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்கள் நீண்ட காலம் உங்களோடு இருப்பவர்கள் என்றால், அவர்களுக்குக் களஞ்சியத்திலேயே கிளை தொடங்கும் உரிமையைக் கொடுத்து, முதன்மைக் கிளையை மட்டும் காத்துக்கொள்வது இதைவிட எளிது.

---

வடகரை:

செங்காந்தள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்காவது எஸ்எஸ்எச் வழியைத் தேர்ந்தெடுத்தால், ஜென்கின்ஸின் பாதுகாப்பு அமைப்பில் கிட் ஹோஸ்ட் கீயைச் சரிபார்க்கும் முறை என்ற தேர்வைப் பாருங்கள். அங்கே சரிபார்க்க வேண்டாம் என்று வைத்துவிட்டால் பிழைச்செய்தி மறையும், ஆனால் மறுமுனையில் இருப்பது கிட்ஹப்தானா என்று அறிய வழி இராது. கிட்ஹப் வெளியிட்டிருக்கும் திறவிகளை அதன் ஆவணப் பக்கத்திலிருந்து எடுத்து அங்கே எழுதிவையுங்கள். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ திறவியை மாற்றியபோது, பழையதை மட்டும் வைத்திருந்த பில்ட் இயந்திரங்கள் நகலெடுக்க மறுத்தன. அந்த மறுப்பு சரியான நடத்தையே. ஈடி25519 திறவியையும் சேர்த்து வைத்திருங்கள்.

---

மாதுளை:

செங்காந்தள் சொன்னபடி பாதுகாப்பு விதியில் பெயரைப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்தேன், இணைக்கும் பொத்தான் இப்போது முடிவைப் பொறுத்துத் திறக்கவும் மூடவும் செய்கிறது. ஆப்பைப் பதிவு செய்ய நிறுவனக் கணக்கின் உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது இயங்கத் தொடங்கியதும் சக ஊழியரின் டோக்கனை அவரைக் கொண்டே நீக்கச் சொல்லி, ஜென்கின்ஸிலிருந்தும் அழித்துவிடுவேன். ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் களஞ்சியத்திலேயே கிளை தொடங்கும் உரிமை தருவதாகப் பேசி முடித்திருக்கிறோம். அதுவரை ஃபோர்க்குகளைக் கண்டறியும் தேர்வையே எடுத்துவிட்டேன். ஏஜென்டைக் கன்டெய்னராக மாற்றும் வேலை மட்டும் மீதமிருக்கிறது, அதைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன்.